கிளினிக்குக்குக் கூட்டிப் போனவர்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகையில்லாமல் தந்த தேயிலைத் தோட்ட முகாமையாளர் அவர்களே, பாடசாலை அதிபர் அவர்களே, கோயில் பரிபாலன சபையாரே, கூட்டம் முடியும்வரை இருப்பதாக வாக்களித்திருக்கும் பிரதேச சபை உறுப்பினர் அவர்களே, கொழுந்து நிறுத்த கையோடு இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்கும் நன்றி.

மாதர் சங்கம் எனக்குத் தந்த தலைப்பு, ஊருக்கு உழைப்பதும் தன்னைப் பேணுவதும். உடம்பு, படிப்பு, சேமிப்பு என்று மூன்றைப் பற்றிப் பேசப் போகிறேன். என் பழமொழியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களே சொல்லிவிடுவீர்கள். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்!

பக்கத்துத் தோட்டத்தில் ஓர் அக்கா. பேர் வேண்டாம், இங்கேயே உட்கார்ந்திருந்தாலும் இருப்பார். லயத்து வரிசை வீடுகளில் பிள்ளைப்பேறா, கூடப் போவது அவர். சாவு வீடா, அடுப்பு அவர் பொறுப்பு. சீட்டும் அவரிடம்தான். அடுத்த காம்பரா அம்மாயிக்குத் தலைசுற்றல் என்று ஒருநாள் பேரை, அதாவது அன்றைய வேலையையும் சம்பளத்தையும், விட்டுவிட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இரண்டு பேரும் வாங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். நர்ஸ் வந்தார். யாருக்குச் சுகமில்லை என்று கேட்கவேயில்லை. முகத்தைப் பார்த்தார், அக்காவின் கையில் பிரஷர் பார்க்கும் பட்டியைச் சுற்றிவிட்டார். "ஐயோ மிஸ், எனக்கில்ல, அம்மாயிக்குத்தான்!" மிஸ் பேசாமல் இன்னொரு தடவை காற்றடித்தார். அப்புறம் டாக்டரைக் கூப்பிட்டார். அம்மாயிக்குப் பிரஷர் அளவாகத்தான் இருந்தது. காலையில் சாப்பிடாத மயக்கம். ஒரு பிளேன்டீயும் பனிசும் உள்ளே போனதும் சரி. நோயாளி ஆட்டோவில் வீட்டுக்கு, கூட்டிப் போனவர் வார்டில்! வார்டு யன்னலில் நின்று அக்கா கத்துகிறார்: "அம்மாயி, சீட்டுக் காசு அரிசி வாளிக்குள்ள இருக்கு, யாருக்கும் சொல்லிறாதீங்க!" கிளினிக் முழுக்கக் கேட்டது.

பிரஷர் வலியில்லாமல் ஏறும், அளந்தால்தான் தெரியும். பாரிசவாதம் வந்து படுத்தபின் யார் யாருக்கு உதவுவது? மலையில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமலே கொழுந்து பறிக்கிறீர்கள். அதையும் பேச வேண்டும், இன்னொரு மேடையில் பேசுவோம்.

இனிப் படிப்பு. தினமும் ஒரு மணி நேரம் உங்களுக்கென்று ஒதுக்குங்கள் என்று சொல்வது சுலபம். எங்கே உட்கார்ந்து? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் பிள்ளையும் படிக்க வேண்டும், டிவியும் ஓட வேண்டும், புகை வேறு. அதனால்தான் போகிற இடமெல்லாம் வாசிகசாலை கேட்கிறேன். 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சம்மேளனம் அமைத்த கோ. நடேசய்யர் பத்திரிகையும் நடத்தினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் பாட்டும் பேச்சுமாகத் தோட்டம் தோட்டமாகப் போனார். சங்கமும் வாசிப்பும் நமக்குச் சேர்ந்தே வந்தவை. சிங்களத்தில் வரும் படிவத்தை வாசிக்கத் தெரிந்த ஒரு பெண் லயத்தில் இருந்தால், ஈ.பி.எஃப். என்கிற சேமலாப நிதிக் காசை எடுக்க யாரும் தரகருக்குப் பின்னால் அலைய வேண்டாம். அதற்கு அவள் முதலில் படிக்க வேண்டும். தனக்கு மிஞ்சித்தான், அப்புறம் நீங்களே சொல்லுங்கள்!

வாசிகசாலைக்கு இடம் இருக்கிறது. கீழ் டிவிசனில் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற பழைய பிள்ளைக்காம்பரா பூட்டிக் கிடக்கிறது. போய்ப் பார்த்தேன். கூரைக்குக் குறையில்லை. உடைந்த யன்னல் கண்ணாடியை மாதர் சங்கம் போட்டுத் தரும், சங்கத் தலைவி தலையாட்டுகிறார். முகாமையாளர் அவர்களிடம் நாங்கள் கேட்பது சாவி மட்டும்.

சேமிப்புக்கு நேரமில்லை, தலைவர் மணி பார்க்கிறார். வாசிகசாலை கேட்கும் மகஜர் வாசல் மேசையில் இருக்கிறது. தேநீருக்குப் போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். முதல் வரியைப் பிரதேச சபை உறுப்பினர் அவர்களுக்கென்று விட்டு வைத்திருக்கிறோம்.