செம்பு அணு வளையுமா?

வணக்கம். இன்று பேச வருவதற்கு முன் உங்களுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்திருந்தேன். சோடியம் அணுவை வரையச் சொன்னேன். தாள்களைப் புரட்டினால் கிட்டத்தட்ட எல்லாம் ஒரே படம்: நடுவில் புள்ளி, சுற்றி மூன்று வட்டம், வட்டங்களில் 2, 8, 1 என்று எலக்ட்ரான்கள். சிலர் காம்பஸ் வைத்தே வரைந்திருக்கிறீர்கள்! எம்.எஸ்சி. முடித்துவிட்டு பி.எட். வந்தவர்களும் இதில் உண்டு. எலக்ட்ரானை அலையாகக் கணக்கிடும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை எழுதித் தேறியவர்கள்தான். ஆனாலும் பென்சிலை எடுத்தால் கை 1913-இல் நீல்ஸ் போர் (Bohr) என்ற இயற்பியலாளர் சொன்ன அணு மாதிரிக்கே போகிறது.

அந்தப் படத்தை நான் குறை சொல்லவில்லை. சோடியம் தன் கடைசி எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுப்பதை விளக்க அது போதும். ஆனால் அதை அணுவின் போட்டோ என்று நம்பிவிடக் கூடாது. ஹைட்ரஜனின் அணுக்கருவை ஒரு மிளகு அளவுக்கு வரைந்தால், எலக்ட்ரானைத் தேட நூறு மீட்டருக்கு அப்பால் போக வேண்டும். அங்கேயும் அது வட்டமடித்துக்கொண்டு இருக்காது. எங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்றுதான் சொல்ல முடியும். போர் மாதிரி ஹைட்ரஜனின் நிறமாலையை, அதாவது அது வெளிவிடும் ஒளியின் நிறக் கோடுகளை, அழகாக விளக்கியது. இரண்டே எலக்ட்ரான் உள்ள ஹீலியத்திலேயே திணறியது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்கள் இரண்டாவது பதில். செம்புக் கம்பி வளைகிறதே, ஒரு செம்பு அணு வளையுமா என்று கேட்டிருந்தேன். "லேசாக வளையும்" என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். வெட்கப்பட வேண்டாம். இஸ்ரேலில் பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் இதே மாதிரி கேட்டு 1986-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது; அங்கும் இதே கதைதான். கம்பி வளையும்போது அணு வளைவதில்லை, அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவுகின்றன. செம்பின் நிறமும் அப்படித்தான், கோடானுகோடி அணுக்கள் சேர்ந்த பிறகு வருவது. ஒற்றை அணுவுக்கு அந்தச் செந்நிறம் கிடையாது. பொருளை நறுக்கிக்கொண்டே போனால் கடைசியில் கிடைப்பது அணு என்று ஆறாம் வகுப்பில் யாரோ சொன்னது மனதில் தங்கிவிடுகிறது. அப்புறம் அணுவும் ஒரு குட்டிச் செம்புத் துண்டாகிவிடுகிறது.

சரி, வகுப்பில் என்ன செய்யலாம்? அணுக்கருவைக் கண்டுபிடித்த ரூதர்ஃபோர்டில் தொடங்குங்கள். 1909-இல் மான்செஸ்டரில் அவருடைய ஆய்வகத்தில் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகடுகள்மீது ஆல்பா துகள்களை, அதாவது கதிரியக்கப் பொருளிலிருந்து பாயும் நேர்மின் துகள்களை, செலுத்தினார்கள். பெரும்பாலானவை நேரே போய்விட்டன. ஆயிரக்கணக்கில் ஒன்று திரும்பி வந்தது. அதுவரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். உள்ளே என்ன இருந்தால் இப்படி நடக்கும் என்று பிள்ளைகள் வரையட்டும். பாதி வகுப்பு தப்பாகத்தான் வரையும். வரையட்டுமே. 2, 8, 1 அடுத்த பீரியடில் வரட்டும்.