பாடிக் கறக்க வேண்டிய கை

(கனெக்டிகட்டில் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்க விளையாட்டு விழாவில் பேசியது. மேடையில் விட்டுப்போனதில் ஓரிரண்டைச் சேர்த்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். சங்கத் தலைவர் அவர்களே, போன வருஷமும் இதே மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு வருத்தப்பட்ட செயலாளர் அவர்களே, வேலை நாளிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் எலும்பு மருத்துவர் அம்மா அவர்களே, கோப்பைகளுக்குப் பணம் கொடுத்த மளிகைக்கடை அண்ணன் அவர்களே, விடிகாலை நாலு மணிக்கு எழுந்து இருநூறு வடை சுட்ட அக்காமார்களே, வெயிலில் நிற்கிற பிள்ளைகளே. யாரையாவது விட்டிருந்தால் என் மனைவியிடம் சொல்லுங்கள், வீட்டில் பார்த்துக்கொள்வாள்.

மூன்று விஷயம் பேசப்போகிறேன். ஒன்று, நம் பக்கத்து ஊர் நியூ பிரிட்டனில் பிறந்த பேஸ்பால் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், ஸ்டீவ் டால்கோவ்ஸ்கி. இரண்டு, மேஜர் லீக் என்ற உச்சிக்குக் கீழே இருக்கும் மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்த சம்பளம். மூன்று, நம் பிள்ளைகளின் கை.

"ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும்" என்று என் பாட்டி சொல்வாள். இதை நான் எல்லா மேடையிலும் சொல்கிறேன் என்று கிண்டல் உண்டு. சரி, இன்றைக்கும் சொல்கிறேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு பெரியவர் இருந்தார், இப்போது இல்லை. வாலிபத்தில் அப்பலாச்சியன் லீக் என்ற மைனர் லீக்கில் ஒரே ஒரு கோடை ஆடியவர், 1957-இல். எதிரணி கிங்ஸ்போர்ட் ஊர் டீம். அதன் பிட்சர் பதினெட்டு வயது டால்கோவ்ஸ்கி, இடக்கை, கண்ணாடி போட்ட பையன், ஆறடிகூட இல்லை. பெரியவர் இந்தக் கதையைச் சொல்லும்போது கையில் குடை இருந்தால் அதுதான் பேட், இல்லாவிட்டால் என் கையிலிருக்கும் செய்தித்தாளைப் பிடுங்கிக்கொள்வார். சின்ன ஊர் மைதானம், விளக்கு மங்கல். இவர் போய் நின்றதும் பந்தைப் பிடிக்கக் கீழே குந்தியிருந்த கேட்சர் தலையைத் தூக்காமலே, "தம்பி, ஓடத் தயாரா இரு, எங்கே வரும்னு எனக்கே தெரியாது" என்றாராம். முதல் பந்து அம்பயர் தலைக்கு மேலே போய்ப் பின்வலையில் அடித்தது. இரண்டாவது மண்ணில். மூன்றாவதை இவர் பார்க்கவே இல்லை, கையுறையில் 'பட்' என்ற சத்தம்தான், அம்பயர் ஸ்ட்ரைக், அதாவது சரியான பந்து, என்கிறார், இவர் "எதுக்கு?" என்று கேட்கிறார்! அடுத்தது முதுகுக்குப் பின்னால். அதற்கடுத்ததும் வெளியே. நாலு பால், அதாவது தப்பான பந்து நாலு, அப்படியானால் வாக், அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகலாம். ஓடிப்போய் முதல் பேஸில் நின்றால் பயிற்சியாளர் இவரையே பார்க்கிறார். என்னவென்று குனிந்து பார்த்தால் பேட் இன்னும் கையிலேயே இருக்கிறது. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் வாங்கினார்களாம். "அந்த லீக்கில் நான் செய்த பெரிய சாதனை அந்த வாக்தான், அதற்கு நான் எதுவுமே செய்யவில்லை" என்பார். நூறு தடவை கேட்ட அவர் மனைவியும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்.

பொறாமை இல்லாமல் அப்படிப் பேசுவது பெரிய குணம். எதிரில் நின்று பயந்தவன் சொல்வதைத்தான் நான் நம்புவேன், ரேடார் சொல்வதை அல்ல. 1958-இல் டால்கோவ்ஸ்கியை ராணுவத் தளத்துக்குக் கூட்டிப்போய்ப் பந்தின் வேகத்தை அளந்தார்கள், வந்தது மணிக்கு 93.5 மைல். முந்தின நாள் ஆடிக் களைத்த கை, பிட்சர் நின்று வீசும் மண் மேடும் இல்லை. அதையெல்லாம் யார் கணக்கில் எடுத்தார்கள்?

அந்த 1957-இல் அவர் வீசியது 62 இன்னிங்ஸ். மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட்டானவர்கள், அதாவது ஸ்ட்ரைக் அவுட், 121, வாக் 129. ஒரே ஆட்டத்தில் 24 பேரை அவுட்டாக்கி, 18 பேரை நடக்கவிட்டு, ஆட்டத்தையும் தோற்றார். நீங்களே கணக்குப் போடுங்கள். ஸ்ட்ரைக் அவுட்டுக்குக் குறைந்தது மூன்று பந்து, வாக்குக்கு நாலு. இந்த 42 பேருக்கு மட்டும் 144 பந்து. மற்றவர்களுக்கு வீசியது தனி. அவனைத் தடுத்து "போதும்ப்பா, உட்கார்" என்று சொல்ல ஒரு பெரிய மனுஷன் அங்கே இல்லை.

கட்டுப்பாடு வரவேண்டும் என்று பேட்டர்களை இரண்டு பக்கமும் நிற்கவைத்து நடுவில் வீசச் சொன்னார்கள், பலகை வைத்தார்கள், என்னென்னவோ செய்தார்கள். எல்லாம் ஆடிக் கறக்கிற வேலை. 1962-இல் எல்மைரா ஊர் டீமின் மேனேஜர் ஏர்ல் வீவர்தான் பாடிப் பார்த்தார். இரண்டே வகைப் பந்து போதும், நிதானமாகப் போடு, இரண்டு ஸ்ட்ரைக் விழுந்தபிறகு நான் விசில் அடிக்கிறேன், அப்போது முழு வேகத்தைக் காட்டு என்றாராம். அந்த வருஷம் 160 இன்னிங்ஸில் 192 ஸ்ட்ரைக் அவுட், வாக் 114 தான். அடுத்த மார்ச்சில் மேஜர் லீக் வாசலில் நிற்கும்போது, யாங்கீஸுக்கு எதிரான பயிற்சி ஆட்டத்தில் முழங்கை போயிற்று. முழங்கைத் தசைநாரைச் சரிசெய்யும் டாமி ஜான் அறுவை சிகிச்சை என்று நாம் இன்று சாதாரணமாகச் சொல்வது 1974-இல்தான் முதல்முறை நடந்தது. பதினோரு வருஷம் முந்திவிட்டான் பாவம். அப்புறம் கலிஃபோர்னியாவில் பழம் பறிக்கும் வேலை, குடி, நினைவு தப்பியது. 1994-இல் ஊருக்குக் கூட்டிவந்தார்கள். 2020 ஏப்ரலில் நியூ பிரிட்டனிலேயே கொரோனாவில் போய்ச் சேர்ந்தார். ஒரு நாள்கூட மேஜர் லீக் ஆட்டத்தில் இறங்கியதில்லை.

இப்போது நம் பிள்ளைகள். நானும் யோக்கியன் இல்லை. என் பையனுக்குப் பத்து வயதில் வேகம் அளக்கும் ரேடார் கன் வாங்கி வந்து, 52 மைல் வந்தால் பீட்சா என்று சொன்னவன் நான்தான். மூன்று மாதத்தில் முழங்கை வீங்கி, சட்டை மாட்டிவிட நானே போய் நின்றேன். மருத்துவர் அம்மாவுக்குத் தெரியும், தலையை ஆட்டுகிறார் பாருங்கள். பத்து வயதுக்கு ஒரு நாளைக்கு 75 பந்துதான், 66-ஐத் தொட்டால் நாலு நாள் ஓய்வு. பிள்ளைகளின் கையைக் காக்க வகுத்த பிட்ச் ஸ்மார்ட் விதி அச்சடித்தே வைத்திருக்கிறது. ஆனால் சனிக்கிழமை ஒரு டீம், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு டீம் என்றால் இரண்டையும் கூட்டுவது யார்? பையன் சொல்லமாட்டான், அவனுக்கு ஆட்டம் வேண்டும். ஒருவன் கை பாடிக் கறக்கிற மாடு, இன்னொருவன் கை ஆடிக் கறக்கிற மாடு, எது எது என்று பார்ப்பதற்கு முன்னாலேயே நாம் சொம்பைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

சம்பள விஷயம் பேசவில்லை. தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார், இரண்டாவது சீட்டு இது.

பந்து எண்ணும் கிளிக்கர் பத்து என் சொந்தக் காசில் வாங்கியிருக்கிறேன். ஞாயிறு ஆட்டங்களில் எண்ணுவதற்குப் பெற்றோர் ஆறு பேர் வேண்டும், வடை மேசைக்குப் பக்கத்தில் தாள் வைத்திருக்கிறேன், பெயரை எழுதிவிட்டு வடையை எடுங்கள். பேனாவைக் கயிற்றில் கட்டியிருக்கிறேன், போன வருஷம் மூன்று போய்விட்டது.