ஆட்சி மாற்றமும் தூதர் வேலையும்

அவைத்தலைவர் அவர்களே, இத்தனை அலுவலுக்கிடையே வந்து கடைசிவரை அமர்ந்திருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, சமூக மன்ற நிர்வாகக் குழுவினரே, தமிழாசிரியப் பெருமக்களே, பின்னால் நின்றுகொண்டே கேட்கும் இளையர்களே, வணக்கம். மண்டபம் தந்த மன்றத்துக்குத் தனி நன்றி. தமிழுக்கென்று கேட்டால் அவர்கள் இல்லையென்று சொன்னதே கிடையாது.

‘ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன’ என்பார்கள். தூதர் அப்படி இருக்க முடியாது. யார் போகிறார், யார் வருகிறார், எது மாறாமல் நிற்கிறது என்று மூன்றையும் அவர் பார்த்தாக வேண்டும். முதலாவதற்கு வருகிறேன்.

நம் எஸ்.ஆர். நாதன் 1990 முதல் 1996 வரை வாஷிங்டனில் சிங்கப்பூரின் தூதர். மூத்த புஷ் 1992 ஜனவரியில் இங்கே சிங்கப்பூருக்கு வந்துபோன அமெரிக்க அதிபர். அதே ஆண்டு நவம்பரில் தோற்றார். 12 ஆண்டுக் குடியரசுக் கட்சி ஆட்சி முடிந்தது. 1993 ஜனவரி 20ஆம் தேதி கிளின்டன் வந்தார். அங்கே அதிபர் மாறினால் அமைச்சரோடு நிற்காது, கீழே வரிசையாக ஆட்கள் மாறுவார்கள். பழகியவர்கள் போய்விட, தூதர் புதியவர்களிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சோதனை மறு ஆண்டே வந்தது. 18 வயது அமெரிக்க இளைஞர் ஒருவர் இங்கே கார்கள்மீது சாயம் அடித்த வழக்கு, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நான்கு மாதச் சிறை, 3,500 சிங்கப்பூர் வெள்ளி அபராதம், ஆறு பிரம்படி! அமெரிக்காவே கொதித்தது. அதிபரே தலையிட்டுக் கேட்டார். அந்த ஊரிலேயே, அந்தத் தொலைக்காட்சியிலேயே உட்கார்ந்து நம் சட்டத்துக்காகப் பேசினார் நாதன். அதிபர் கேட்டதற்காக ஆறு நான்கானது. ஆனால் 1994 மே 5ஆம் தேதி தண்டனை நிறைவேறியது. ஆள்பவர் ராமனோ ராவணனோ, தூதர் பேசுவது தன் நாட்டுக்காக. (கைத்தட்டல்)

அந்த வல்லமை மொழியிலிருந்து வந்தது என்பது என் துணிபு. 1942இல் ஜப்பானியர் வந்தது இந்தத் தீவு கண்ட மிகக் கொடிய ஆட்சி மாற்றம். அந்தக் காலத்தில் பதின்ம வயது நாதன் ஜப்பானிய மொழி கற்று மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். நம் பிள்ளைகளுக்கோ சொந்த மொழியே நழுவுகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடுதான். அதிகாரத்துவ மொழி என்ற தகுதி இருந்தும் சாப்பாட்டு மேசையில் தமிழ் இல்லையென்றால் எப்படி? பெற்றோரே, இரவுச் சாப்பாட்டு நேரம் முழுக்கத் தமிழில் பேசுங்கள். பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டாலும் தமிழிலேயே பதில் சொல்லுங்கள்.

மற்ற இரண்டையும் இன்னொரு மேடையில் விரிவாகப் பேசுகிறேன். வாசலில் படிவம் வைத்திருக்கிறோம். இரவுச் சாப்பாட்டில் தமிழ் பேசும் இந்த முயற்சியில் சேர விரும்பும் குடும்பங்கள் பெயரெழுதிவிட்டுப் போங்கள், எங்கள் தொண்டூழியர்கள் தொடர்புகொள்வார்கள். நன்றி, வணக்கம்.