கிரீம் கெட்டியா தண்ணியா: எங்கள் ரங்கூன் லேபில் எப்படிப் பார்க்கிறோம்

வணக்கம் மக்களே. பின்னாடி கேட்கிற இரைச்சலைக் கண்டுக்காதீங்க, கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடுது, ரங்கூன்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நான் தனாக்கா, அதாவது மரப்பட்டையை அரைத்துக் கன்னத்தில் பூசுகிற பர்மியப் பூச்சு, அதில் கிரீம் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் தரச் சோதனை பார்க்கிறேன், அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் பாகுத்தன்மை, அதாவது கிரீம் எவ்வளவு கெட்டி என்பது. விஸ்காமீட்டர் என்று ஒரு மெஷின் இருக்கிறது, அதில் ஸ்பிண்டில் என்கிற சுழல் தண்டை மாட்டி கிரீமுக்குள் இறக்கிச் சுற்ற விட்டால், சுற்றுவதற்கு எவ்வளவு எதிர்ப்பு இருக்கிறது என்று பார்த்து சென்டிபாய்ஸ் கணக்கில் ஒரு எண் காட்டும். சாதாரணத் தண்ணீர் சுமார் 1 சென்டிபாய்ஸ், கிரீம் என்றால் பல ஆயிரம். ஆனால் அந்த எண்ணை மட்டும் எழுதி வைத்தால் பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை. வேகத்தைக் கூட்டினால் கிரீம் இளகும், எண் இறங்கிவிடும், அதே டப்பா, அதே கிரீம்தான். அதனால் எந்த ஸ்பிண்டில், எத்தனை ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுற்று), எத்தனை டிகிரி, மூன்றையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். டார்க், அதாவது ஸ்பிண்டிலைச் சுற்ற ஆகும் முறுக்கு விசை, மெஷினின் முழு அளவில் 10 சதவீதத்துக்குக் கீழே நின்றால் அந்த ரீடிங்கை நான் எடுப்பதே இல்லை, ஸ்பிண்டிலை மாற்றிவிடுவேன்.

இங்கேதான் நம்ம ஊர் வெயில் விளையாடும். சேம்பிள் 25 டிகிரியில் இருக்க வேண்டும், ஏப்ரலில் வெளியே 37ஐத் தொடும், நடுவில் கரண்ட் போனால் சேம்பிளை ஒரே சூட்டில் வைக்கிற வாட்டர் பாத்தும் ஏசியும் படுத்துவிடும், கிரீம் மெல்ல மெல்லச் சூடேறும். அப்போது எடுத்த எண்ணை வைத்து "இந்த பேட்ச் தண்ணி" என்று சொல்வது அநியாயம். தெர்மாமீட்டரை கிரீமுக்குள்ளேயே குத்திப் பாருங்கள், சுவரில் தொங்குவதை நம்பாதீர்கள்.

அப்புறம், எண்ணெய் பிரிகிறதா என்று பார்க்க சென்ட்ரிஃபியூஜ் என்கிற வேகமாகச் சுழற்றும் மெஷினில் 3000 ஆர்பிஎம்மில் அரை மணி நேரம் சுற்றுவோம். குழாயின் மேலே மெல்லிய மஞ்சள் வளையம் நின்றால் எமல்ஷன், அதாவது எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்த கலவை, பலவீனம். அதில் தேறியதால் மட்டும் கிரீம் நல்லது என்று ஆகிவிடாது, 40 டிகிரி ஓவனில் மாதக்கணக்கில் வைத்துப் பார்ப்பதைத்தான் நான் நம்புவேன். தனாக்காவில் இன்னொரு தொல்லை, மரப்பட்டைப் பொடி. அரைப்பு சரியில்லை என்றால் கன்னத்தில் நறநறக்கும், டப்பாவின் அடியிலும் தங்கிவிடும். கல்லில் இழைக்கிறவர்கள் அப்போதைக்கு அப்போதே பூசிவிடுகிறார்கள், அவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது.

லிப்ஸ்டிக் கதை வேறு. உருகுநிலை 60 டிகிரி இருந்தாலும் அதற்கு வெகு முன்னாலேயே அது வியர்க்கும், மேலே பொட்டுப் பொட்டாக எண்ணெய் நிற்கும். மாண்டலேக்கு லாரியில் போகிற சரக்கு என்றால் உருகுநிலையை விட நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன். கடையில் வாங்கும்போது நீங்களும் மூடியைத் திறந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.