விசாகப்பட்டினத்தில் மூழ்காத கப்பல்

(கடலூர் முதுநகரில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஆயா தாம் உயிரோடு இருந்தவரை ஒரு கதையை ஒரே விதமாகத்தான் சொல்லுவார். "உங்க தாத்தா கப்பல் விசாகப்பட்டினத்துல குண்டு பட்டு முழுகிப்போச்சு. அவரு நீந்திக் கரையேறினாரு. அப்போ உங்கப்பன் என் வயித்துல." இரண்டாம் உலகப்போரில் ராயல் இந்தியக் கடற்படையில் ஸ்டோக்கராக, அதாவது கப்பலின் கொதிகலனைக் கவனிப்பவராகப் பணியாற்றிய என் தாத்தாவைப் பற்றி எங்கள் வீட்டில் எஞ்சியிருந்த வாக்குமூலம் இது ஒன்றுதான். தாத்தா தம் வாயால் எதையும் சொன்னதில்லை.

இந்தக் கதையை நான் முதலில் உரைத்துப் பார்த்தது ஒரு ஜாதகத்தில். என் தந்தையின் ஜாதகக் குறிப்பில் சித்திரபானு வருஷம், ஆவணி மாதம் என்று எழுதியிருக்கிறது. அதாவது 1942 ஆகஸ்ட், செப்டம்பர். அப்படியானால் விஷு வருஷம் கார்த்திகைவாக்கில் தாத்தா விடுப்பில் வந்து வீட்டில் இருந்திருக்க வேண்டும். ஆயா சொன்ன குண்டுவீச்சு அதற்கும் ஆவணிக்கும் இடைப்பட்ட மாதங்களில் நடந்திருக்க வேண்டும். ஜாதகத்தை நாம் திருமணத்தின்போது மட்டுமே வெளியே எடுக்கிறோம். பிறப்புப் பதிவு கிடைக்காத குடும்பங்களில் ஆண்டையும் மாதத்தையும் பிழையின்றிக் காட்டும் முதல் ஆவணம் அதுதான்.

1942 ஏப்ரல் 6 அன்று ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கின என்பது நாடறிந்த செய்தி. அந்த வாரத்து நாளிதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். துறைமுகத்தில் குண்டு விழுந்த செய்தி இருந்தது. இந்தியக் கடற்படைக் கப்பல் ஒன்று அங்கே மூழ்கியதாக ஒரு வரிகூட இல்லை. இந்த இடத்தில் ஆய்வாளர் அவசரப்படக் கூடாது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் செய்தித் தணிக்கை நடந்த காலம் அது; கப்பலின் பெயர், அது நின்ற இடம், அதில் இருந்தவர் தொகை ஆகியவை எதிரிக்குத் துப்பாகிவிடும் என்பதால் ஓர் இழப்பு பல வாரங்கள் கழித்து, இடம் சொல்லாமல், நான்கு வரியில் வெளிவருவதும் உண்டு. எனவே போர்க்காலப் பத்திரிகையில் ஒரு செய்தி இல்லை என்பதைக் கொண்டு அந்த நிகழ்ச்சியே இல்லை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

முடிச்சை அவிழ்த்தவை தாத்தாவின் பதக்கங்கள். பிரிட்டிஷ் வீரர்களுக்குத் தரப்பட்ட அந்தப் போரின் பதக்கங்களில் பெயர் பொறிக்கப்படவில்லை. இந்தியப் படையினருக்குத் தரப்பட்டவற்றிலோ பெயரும் பணி எண்ணும் பொறிக்கப்பட்டன. வட்டப் பதக்கத்தில் விளிம்பிலும் நட்சத்திரப் பதக்கத்தில் பின்புறத்திலும் பார்க்க வேண்டும். தாத்தாவின் தகரப் பெட்டியில் பர்மா ஸ்டார் என்ற நட்சத்திரப் பதக்கம் இருந்தது. வங்காள விரிகுடாவில் பணியாற்றிய கடற்படையினருக்கும் அது உரியது என்பதால் அதை மட்டும் வைத்து அவர் பர்மாவில் இருந்தார் என்று நான் முடிவு கட்டவில்லை. அதில் பொறித்திருந்த பணி எண்ணைக் கொண்டு பணிப்பதிவைத் தேடிப் பெற்றபோது அதில் இருந்த கப்பலின் பெயர் 'இண்டஸ்'. போருக்குப் பின் வெளியான இழப்புப் பட்டியல்களில் அந்தப் பெயருக்கு எதிரே பர்மாக் கரையிலுள்ள அக்யாப் என்ற இடமும் 1942 ஏப்ரல் 6 என்ற நாளும் இருக்கின்றன. விசாகப்பட்டினம் தாக்கப்பட்ட அதே நாள்!

ஆயா பொய் சொல்லவில்லை. முதுநகரில் யாரோ திண்ணையில் பத்திரிகையை உரக்கப் படித்திருப்பார்கள். கணவரிடமிருந்து வந்த கடிதத்தில் ஊர்ப்பெயர் எழுத அனுமதி இருந்திராது. நாளும் குண்டும் பொருந்தியதால் பத்திரிகையின் ஊர் குடும்பக் கதைக்குள் வந்து குடியேறிவிட்டது. ஆகவே குடும்ப நினைவையும் பத்திரிகையையும் தனித்தனிச் சாட்சிகளாகக் கருதி, இரண்டும் ஒத்துப்போனால் உண்மை என்று நாம் மகிழ்ந்துவிடக் கூடாது. ஒன்றின் வாயிலிருந்து மற்றொன்று கேட்டுச் சொல்லியிருக்கலாம். இத்தனை ஆண்டுத் தேடலில் நான் கற்ற பாடங்களில் இதையே பெரிதாக மதிக்கிறேன்.

தேடுகிறவர்கள் நம் ஊரின் பெயரையே பல வடிவங்களில் தேட வேண்டும்: கூடலூர், கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்), திருப்பாதிரிப்புலியூர், சில வேளை தென்னாற்காடு ஜில்லா என்று மட்டும். பழைய இதழ்களுக்குத் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தொடங்கலாம். பெண்ணையாற்றுக்கு அப்பால், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் உறவுடையவர்களுக்கு வழி வேறு. பிரெஞ்சிந்தியா 1940 செப்டம்பரில் ஜெர்மனியை எதிர்த்துப் போரைத் தொடர்ந்த பிரெஞ்சுத் தளபதி தெகோல் பக்கம் சேர்ந்தது. அங்கிருந்து படைக்குப் போனவர்களின் தாள்கள் பிரான்சில் இருக்கும். 1881 ஆணையின்படி பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக் குடும்பப்பெயர் சூட்டிக்கொண்ட வீடுகளில் பாட்டனாரின் தமிழ்ப் பெயரைத் தேடிப் பயனில்லை. சூட்டிக்கொண்ட பெயரை முதலில் புதுச்சேரிப் பதிவேட்டில் கண்டறிய வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் 'தல்வார்' தளத்தில் தொடங்கிய மாலுமிகளின் எழுச்சிக்குப் பின் பலர் ஓய்வூதியமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கப்பலுக்குப் போன தாத்தா ஏன் ஒரு காகிதமும் இல்லாமல் திரும்பினார் என்று கேட்கும் குடும்பங்கள், அந்த மாதத்து நாளிதழ்களை அன்புகூர்ந்து பார்க்க வேண்டும்.

வீட்டில் பதக்கம் வைத்திருப்பவர்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: அதைப் புளி போட்டுத் துலக்காதீர்கள். துலக்கத் துலக்க விளிம்பில் உள்ள எழுத்துத் தேயும். வெயிலில் சாய்த்துப் பிடித்து, எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.