சம்பளச் சிட்டையும் சட்டமும்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

இருள் பிரியுமுன் கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரம் நின்றால், ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்களைக் காணலாம். கையில் சோற்றுப் பொதி, கண்ணில் தூக்கம். "சம்பளத்தைச் சட்டம் போட்டு உயர்த்தினால் ஆலையை மூடிவிடுவார்கள்" என்று அவர்களிடம் சொல்லாதவர் இல்லை. இந்தப் பயத்தைச் சற்று உரசிப் பார்ப்போம்.

2021 இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 12,500 ரூபாவானது. அடுத்த ஆண்டே டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. ஏற்றுமதி ஆடைக்குக் காசு வருவது டொலரில். ஆகவே 62 டொலர் பெறுமதியான அந்தச் சம்பளம் 35 டொலருக்கு இறங்கியது. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அவர்களின் உழைப்பு மலிந்தது, அரிசி விலை ஏறியது. 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 30,000 ரூபா என்பது பெரும் பாய்ச்சலாகத் தோன்றலாம். முன்பு தனியாகக் கொடுத்த 3,500 ரூபா நிவாரணப்படியும் அதற்குள்தான் அடக்கம்.

முன்னாள் மாணவி ஒருத்தி தன் சம்பளச் சிட்டையைக் காட்டினாள். பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோன ஒரு நாளுக்காக வருகைக் கொடுப்பனவு முழுவதும் போயிருந்தது. அடிப்படைச் சம்பளத்தை அப்படி வெட்ட முடியாது. ஓய்வுக்காலத்துக்குச் சேரும் சேமலாப நிதியும் பெரும்பாலும் அதை வைத்தே கணக்கிடப்படுகிறது: 30,000 ரூபாவுக்கு அவள் பங்கு 2,400, முதலாளி பங்கு 3,600. அதனால்தான் அடிப்படை உயர வேண்டும் என்கிறேன்.

ஆலைகள் நெருங்கி நிற்கும் கட்டுநாயக்க ஏற்றுமதி வலயத்தில் ஓரிடம் சரிவராவிட்டால் அடுத்த வாசலில் வேலை கேட்கலாம். நம் ஊர்களில் பஸ் போகும் தூரத்துக்குள் பெரும்பாலும் ஓர் ஆலைதான். போட்டிக்கு ஆளில்லாத இடத்தில் சம்பளம் தானாக உயராது. சட்டம் உயர்த்தினால் பழகிய கைகள் விலகாமல் நிற்கும். புதியவர்களைப் பழக்கும் செலவும் முதலாளிக்கு மிச்சமாகும்.

என் கவலை வேறிடத்தில். மிளகாய்த்தூள் அரைத்துப் பொதி செய்யும் சிறு ஆலை முதலாளிக்கு மின்கட்டணமும் வங்கிக் கடனும் கழுத்தை நெரிக்கின்றன. அவர் ஆலையை மூடமாட்டார். ஆட்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதாமல் விட்டுவிடுவார். நாளுக்கு 1,200 ரூபா என்கிறது சட்டம். நியமனக் கடிதமோ சேமலாப நிதி இலக்கமோ இல்லாத பெண் அதை எதைக் காட்டிக் கேட்பாள்?

சகோதரிகளே, சிட்டை தராத இடத்தில் வேலை செய்தால், போன நாளையும் பெற்ற காசையும் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தொழில் அலுவலகத்தில் முறையிடும்போது அதையாவது மேசையில் வைக்கலாம்.