கைத்திறனா, அதிர்ஷ்டமா? மலைக்கு மேலே பறப்பவர்களின் கணக்கு

[திரையில்: நோட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியாப் பகுதியின் வரைபடம்]

வணக்கம். 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி, இரவு பத்தேகால் மணி அளவில், மார்டின்எயார் நிறுவனத்தின் டி.சி.-8 விமானம் ஒன்று இலங்கை மலைநாட்டில், நோட்டன் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஏழு கன்னியர் மலையில் மோதியது. இந்தோனேசியாவின் சுராபாயாவிலிருந்து ஜெத்தாவுக்குப் போகிற வழியில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்க வேண்டிய விமானம் அது. ஹஜ் யாத்திரிகர்கள் 182 பேர், பணியாளர்கள் 9 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த விமானத்தின் டயர் ஒன்று நோட்டன் பிரிட்ஜில் நினைவுச்சின்னமாக இன்றும் இருக்கிறது.

இந்தக் கதையைக் கேட்டவுடன் பலர் கேட்கும் கேள்வி: "பைலட்டுக்கு ஓட்டத் தெரியாதா?"

தெரியும். அந்த இரவில் விமானம் கட்டுப்பாட்டை இழந்து விழவில்லை. நல்ல நிலையில், சீராக, இறங்க வேண்டிய விதத்தில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கிய இடம்தான் பிழை. கட்டுநாயக்கவுக்குக் கிட்ட வந்துவிட்டோம் என்று விமானிகள் நினைத்தார்கள். உண்மையில் விமான நிலையம் இன்னும் 40 கடல் மைல் மேற்கே இருந்தது. அதாவது சுமார் 75 கிலோமீட்டர்.

[திரையில்: விமானி நினைத்த இடம், உண்மையான இடம், நடுவில் மலைத்தொடர்]

ஏன் இப்படி? அந்த விமானத்தில் டொப்ளர் ரேடார் இருந்தது. அது நிலத்தை நோக்கி அலைகளை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து வேகத்தைக் கணக்கிடும். அந்த வேகத்தைக் கூட்டிக் கூட்டித்தான் "இப்போது இங்கே இருக்கிறோம்" என்று சொல்லும். சின்னப் பிழை ஒன்று நுழைந்தால் தூரம் போகப் போக அது பெருகும். கூடவே வானிலை ரேடாரையும் பார்த்தார்கள். அந்தத் திரையில் தெரிவதைத் தவறாகப் புரிந்துகொள்ள இடமுண்டு. இந்த இரண்டையும் நம்பியதால் தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாக எடுத்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கினார்கள் என்பதுதான் விசாரணையின் முடிவு.

முதலில் 5,000 அடிக்கும், பிறகு 2,000 அடிக்கும் இறங்கக் கட்டுப்பாட்டு நிலையம் அனுமதி கொடுத்தது. மோதியது ஏறத்தாழ 4,355 அடி உயரத்தில். இறங்கலாம் என்று வானொலியில் சொன்னால் கீழே மலை இல்லை என்று அர்த்தமா? இல்லை. இதே கேள்வியில்தான், சரியாக மூன்று நாளைக்கு முன்னால், டிசம்பர் 1ஆம் திகதி, அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் ஒரு போயிங் 727 மலையில் மோதி 92 பேர் இறந்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் பெரிய பயணிகள் விமானங்களில் தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி கட்டாயம் என்று அங்கே சட்டம் போட்டார்கள். ஆரம்பக் கருவி நேர் கீழே மட்டும்தான் பார்க்கும். முன்னால் செங்குத்தாக எழும் மலையை அது கடைசி நேரத்தில்தான் உணரும். உலகத்தின் நில உயர வரைபடத்தையே வயிற்றில் வைத்துக்கொண்டு, முன்கூட்டியே கத்தும் கருவி 1990களில்தான் வந்தது.

இப்போது ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். அதே விமானிகள், அதே பிழையான கணக்கோடு, புத்தளம் பக்கத்துச் சமவெளிக்கு மேலே இறங்கியிருந்தால்? கொஞ்ச நேரம் ஓடுபாதை விளக்கைத் தேடியிருப்பார்கள். "இன்றைக்குக் கொஞ்சம் முந்தி இறங்கிவிட்டோம்" என்று பேசிக்கொண்டு போய்ப் படுத்திருப்பார்கள். முடிவெடுத்த விதத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. கீழே இருந்த நிலம்தான் வேறு. எத்தனையோ விமானிகள் இப்படித் தங்களுக்கே தெரியாமல் தப்பியிருப்பார்கள். தப்பியது தெரியாது என்பதால் அதைத் திறமைக் கணக்கில் எழுதிக்கொள்வார்கள்.

ஹட்டன் வீதியில் பஸ்ஸில் போனவர்களுக்கு இது உடனே விளங்கும். கினிகத்தேனைக்கு மேலே வளைவில் ஒருவர் லொறியை முந்துகிறார். எதிரே ஒன்றும் வரவில்லை. "டிரைவர் கெட்டிக்காரன்!" என்கிறார் பின் சீட்டில் ஒருவர். எதிரே வராதது டிரைவரின் கெட்டித்தனமா?

விமானத்தில் இதன் உச்சம் 1994 ஜூன் 24ஆம் திகதி அமெரிக்காவின் ஃபேர்சைல்ட் விமானப்படைத் தளத்தில் நடந்தது. பி-52 குண்டுவீச்சு விமானம் ஒன்று சாகச ஒத்திகையில் மிகத் தாழ்வாக, மிகச் சரிந்து திரும்பி விழுந்தது. நால்வர் பலி. ஓட்டியவர் கைத்திறனுக்குப் பேர்போனவர். விதியை மீறிப் பறப்பதும் அவருக்குப் புதிதல்ல. ஒவ்வொரு முறையும் தப்பியதால் மேலதிகாரிகள் கண்டும் காணாமல் விட்டார்கள். என்னைக் கேட்டால், தப்பிய அந்தப் பழைய பறப்புகள்தான் அந்த விபத்தின் தொடக்கம்.

சரி, அப்படியென்றால் திறமைக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. ஆனால் அதற்கு எல்லை உண்டு, அந்த எல்லையைப் போடுவது இயற்பியல்.

[திரையில்: பள்ளத்தாக்கில் திரும்பும் சிறிய விமானம், மேலிருந்து]

100 நொட் வேகத்தில், அதாவது மணிக்கு 185 கிலோமீட்டரில், 30 பாகை சரிந்து ஒரு விமானம் முழுதாகத் திரும்ப 900 மீட்டருக்கு மேல் அகலம் வேண்டும். வேகம் 120 நொட் ஆனால் 1,350 மீட்டர் அளவுக்குப் போய்விடும். பள்ளத்தாக்கு அதைவிட ஒடுங்கலாக இருந்தால் உலகத்திலேயே சிறந்த விமானியும் அந்தச் சரிவில் திரும்ப முடியாது. இன்னும் சரித்துத் திருப்பலாம், ஆனால் அதற்குக் கூடுதல் எஞ்சின் பலம் வேண்டும். சாதாரண பிஸ்டன் எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் 3 சதவீதம் அளவில் பலம் இழக்கும். நுவரெலியா 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. கணக்கை நீங்களே போடுங்கள்.

மூடுபனி இதைவிட மோசம். 1954இல் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாத நிலையில் ஓட்ட வைத்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக எடுத்த நேரம் 178 விநாடிகள். மூன்று நிமிடம்கூட இல்லை. சமநிலையை உணர்த்தும் உள்காது பொய் சொல்கிறது, உடம்பு அதை நம்புகிறது. ஹப்புத்தளையில் தெற்கே இருந்து மேகம் ஏறி வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர்மலையை மறைப்பதைக் கண்டவர்களுக்கு அந்த மூன்று நிமிடம் எவ்வளவு சீக்கிரம் தொடங்கும் என்று தெரியும்.

"ஹட்சன் ஆற்றில் இறக்கினாரே, அது திறமை இல்லையா?" என்று கேட்பீர்கள். 2009 ஜனவரி 15, நியூயோர்க். பறவைகள் மோதி இரண்டு எஞ்சினும் பலம் இழந்த விமானம். 155 பேரும் பிழைத்தார்கள். கைத்திறன் இருந்தது, மறுக்கவே முடியாது. ஓடுபாதைக்குத் திரும்பப் பார்க்காமல் ஆற்றைத் தேர்ந்தெடுத்தது நிதானமான முடிவு. யோசிக்கும் நேரமாக 35 விநாடி சேர்த்துச் சிமியுலேட்டரில் பார்த்தபோது ஓடுபாதை எட்டவில்லை. அப்புறம் அதிர்ஷ்டம்: பகல் வெளிச்சம், பக்கத்திலேயே படகுகள். அந்தப் பயணத்துக்குக் கட்டாயமில்லாத கடல்பயணத் தெப்பங்களும் அந்த விமானத்தில் தற்செயலாக இருந்தன. மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் பாராட்டுக்கே அர்த்தம் வரும்.

நமது மலையில் நிதானம் என்பது பெரும்பாலும் தரையிலேயே முடிந்துவிடும் வேலை. தென்மேற்குப் பருவத்தில் வட்டவளை, ஹட்டன் பக்கம் மழையும் மேகமும். மலையைத் தாண்டிய ஊவாப் பக்கம் வறண்ட காற்று கீழ்நோக்கி அடிக்கும். வானம் தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் காற்று விமானத்தைச் சரிவோடு சேர்த்து அமுக்கும். அதனால் மலை முகட்டை நேராகப் போய்க் கடக்காமல் 45 பாகை சாய்வாக நெருங்குவார்கள். அமுக்கினால் பாதித் திருப்பத்திலேயே விலகிவிடலாம். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறங்கும் நீர் விமானத்துக்கு வேறொரு வில்லங்கம். அலை இல்லாமல் கண்ணாடி மாதிரி தண்ணீர் இருந்தால் அது எத்தனை அடி கீழே என்று கண்ணுக்குப் பிடிபடாது. அழகான காலைதான் ஆபத்தான காலை. அப்போது கரையோரத்தைத் துணையாக வைத்துக்கொண்டு, ஒரே சீராக மெதுவாக இறக்கி, தண்ணீர் தானாகத் தொடும்வரை காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, திரும்பும் இடத்தைப் புறப்படும் முன்பே எண்ணாக எழுதி வைப்பது. "ரம்பொடைக் கணவாயில் மேகத்தின் அடி இத்தனை அடிக்குக் கீழே வந்தால் திரும்பு." மேலே போய் முடிவெடுக்கலாம் என்று விட்டால், பின்னால் உட்கார்ந்திருக்கும் பயணியின் முகமும், கட்டிய காசும், "இன்னும் ஐந்து நிமிடம்தானே" என்ற நினைப்பும் சேர்ந்து முடிவெடுத்துவிடும்.

இப்படித் திரும்பி வந்தவர்களைப் பற்றிச் செய்தி வராது. திட்டுத்தான் வரும். காசல்ரீக்கு வரவேண்டிய விமானம் ரத்தாகி, வேனில் குலுங்கிக் குலுங்கி ஹட்டன் வந்து சேர்ந்த யாராவது "பைலட் பயந்துவிட்டான்" என்று சொன்னால், அன்றைக்கு மேகம் எத்தனை அடியில் இருந்தது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.